நிசப்தம் என்று பேர் வைத்த பெட்டிகள்

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, வசந்தா வீடு எங்கே என்று கேட்டால் காய்கறிக்காரர் முதல் கேஸ் போடுகிறவர் வரைக்கும் வழி சொல்வார்கள். ஜெகதீசன் வீடு எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். இரண்டும் ஒரே வீடுதான். இது ஜெகதீசனுக்குத் தெரியாது. தெரிந்தாலும், இந்தத் தெருவில் எவனுக்கும் காது கிடையாது என்று ஒரு காரணம் சொல்லியிருப்பார்.

வசந்தா பிறந்தது சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு உள்கிராமம். அவள் அப்பா எத்திராஜ் நிலக்கடலை போட்ட மனுஷன். ஒரு வருஷம் கடலை நன்றாக விளைந்து, உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போனவர், மாட்டை விட்டுவிட்டு மைக் செட் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். எத்திராஜின் பெரியப்பன் மகன் ஒருவர், "மாடு எங்கடா?" என்று கேட்டதற்கு, குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டி அதன் வழியாகவே பதில் சொன்னாராம். அன்றைக்குப் போன அமைதி அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சுற்றுப்பட்டில் சாவுக்கும் அவர் செட்தான், சடங்குக்கும் அவர் செட்தான். வசந்தா குழந்தையில் சோறு கேட்டால்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும்.

அவள் தம்பி அப்பாசாமி தலையெடுத்ததும் நிலைமை இன்னும் மோசமானது. இரண்டு குழாய் போய், ஆள் உயரப் பெட்டிகள் வந்தன. மினி லாரி, கலர் லைட்டு, லாரியின் நெற்றியில் அப்பாசாமியின் படம். அப்பன் செட்டுப் போட்டு ஊரைக் கூப்பிட்டார். மகன் செட்டுப் போட்டு ஊரை விரட்டினான். அவன் பெட்டி அதிர்ந்தால் ஓட்டு வீட்டில் ஓடு நகரும். அதைக் குறையாகச் சொன்னால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றுவான்.

ஜெகதீசன் பொன்விளைந்த களத்தூர்க்காரர். வசந்தாவின் சின்ன அத்தை புருஷனும் ஜெகதீசனின் அப்பாவும் பங்காளிகள். அந்த வழியில் வந்த சம்பந்தம். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்து, மாமனார் ஆசையாகக் கட்டிய குழாய்க்கு எதிரே இரண்டு காதையும் பொத்திக்கொண்ட மாப்பிள்ளை அவர். அம்மி மிதிக்கும்போதுகூட ஒரு கை காதில்தான் இருந்தது. வசந்தா குனிந்த தலையோடு அதைப் பார்த்தாள். 'சரி, இதுவும் ஒரு தினுசு' என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி அவள் அபிப்பிராயம் பெரிதாக ஒன்றும் உயரவில்லை.

செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்து, தினம் மின்சார ரயிலில் போய் வந்து, ஜெகதீசன் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் பிளாட் பார்க்கப் போவார்கள். இவர் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். அதில்தான் ஜெயந்த் என்பவன் கிடைத்தான்.

ஜெயந்த் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத்தோப்பில் ஷெட் போட்டு, கையாலேயே ஒலிபெருக்கி செய்கிறவன். கடையில் விற்பதெல்லாம் சத்தம், தான் செய்வதுதான் இசை என்பான். ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் செய்வான். பணம் வைத்திருப்பவன் எல்லாம் வாங்கிவிட முடியாது. அவனாகப் பார்த்து, இந்த ஆளுக்குக் காது இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெண் கொடுக்கிறவன்கூட இத்தனை விசாரித்ததில்லை. ஜெகதீசன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வசந்தாவையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஜெயந்த் மண் குவளையில் சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தான். இரண்டு நெட்டைப் பெட்டிகளுக்கு எதிரே இருவரையும் உட்கார வைத்தான். பெட்டியின் பேர் 'நிசப்தம்' என்றான். ஒலிபெருக்கிக்கு இப்படி ஒரு பேரா என்று வசந்தா திரும்பிப் பார்த்தாள். ஜெகதீசன் கும்பிடாத குறையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து யாரோ வயலின் வாசித்தார்கள். நடுவில் ஜெயந்த் விரலைத் தூக்கினான்.

"நோட்டுக்கும் நோட்டுக்கும் நடுவுல ஒரு இருட்டு இருக்கு பாருங்க அங்கிள். அது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார் ஜெகதீசன், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆன்ட்டி, உங்களுக்கு?"

"கொசு கேக்குதுப்பா. கதவ சாத்து."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெகதீசன் அவளோடு பேசவில்லை. திருப்போரூர் தாண்டியதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "மைக் செட்டு வூட்ல பொறந்தவ வேற எப்படி இருப்ப!"

"ஆமா, உங்களுக்குத்தான் இருட்டு காதுல வுழுது. நாளைக்கு வாசனை கண்ணுக்குத் தெரியும்" என்றாள் வசந்தா. பெட்டி என்ன விலை என்று அவள் கேட்கவில்லை. மிக்ஸிக்கு மூணு வருஷம் யோசித்த மனுஷன் இதற்கு யோசிக்கவே இல்லை என்பது போதுமானதாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் மகள் துர்காதேவிக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை குமார், செங்கல்பட்டுக்காரர்கள், நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் தாய்வழித் தாத்தாவும் எத்திராஜும் ஒரு காலத்தில் ஒரே களத்தில் கடலை உலர்த்தினவர்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்து, இரண்டு பக்கமும் மனசு நிறைந்தது. வீட்டிலேயே நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்தாயிற்று.

எத்திராஜ் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. அக்காள் தங்கை வீட்டில் நல்ல காரியம் என்றால் தாய்மாமன் சீர்வரிசையோடு மைக் செட்டும் கொண்டுவருவான். அதில் முதல் பேச்சு அவனுடையது. வந்திருக்கிற உறவுமுறையை, இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன ஊர்ச் சம்பந்தம் என்று பேர் சொல்லி அழைப்பான். பிறகுதான் நிச்சயத் தாம்பாளத்தை அவன் கையால் வாங்குவான். மாமன் வாங்காத தாம்பாளத்தைச் சாதிசனம் நிச்சயமாக ஏற்றுக்கொள்ளாது. செங்கல்பட்டுச் சம்பந்தியும் அந்த வழக்கத்தில் ஊறினவர்கள்தான். முதல் பேச்சிலேயே, "பொண்ணுக்கு மாமன் யாரு?" என்று கேட்டுவிட்டார்கள். அதனால் வசந்தாவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. தம்பி வரவேண்டும், கை நீட்டி அந்தத் தட்டை வாங்க வேண்டும்.

நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நிசப்தம் வந்து இறங்கியது.

ஜெயந்த் கூடத்தைச் சுற்றிச் சுற்றிக் கைதட்டிப் பார்த்தான். பல்லி ஒன்று ஓடியது. பெட்டி சுவர் ஓரம் நிற்கக் கூடாதாம். கூடத்தின் நடுவே நின்றது. பீரோ இடம் மாறியது. சோபா ஒன்று மொட்டை மாடிக்குப் போனது. பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே யாரும் நடக்கக் கூடாதாம். கடைசியாகச் சுவரைக் காட்டினான்.

"அந்த போட்டோ கண்ணாடி எல்லாம் ரிஃப்ளெக்ட் பண்ணும் அங்கிள். சவுண்ட கெடுத்துடும்."

சுவரில் இருந்தது இரண்டு படம். ஜெகதீசனின் அப்பா படம் ஒன்று, எத்திராஜ் படம் ஒன்று. ஜெகதீசன் தன் அப்பா படத்தைத் துடைத்து படுக்கை அறையில் கொண்டுபோய் மாட்டினார். எத்திராஜ் படத்தைப் பிளாஸ்டிக் மாலையோடு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகினார், முகம் சுவரைப் பார்த்தபடி. வசந்தா அடுப்படியிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"இன்னாங்க இது? எங்க அப்பா இன்னா விளக்கமாறா, சந்துல சொருவுறதுக்கு?"

"நிச்சயம் முடியட்டும், பாத்துக்கலாம். இப்ப வாய மூடு, டெஸ்ட் பண்ணிகினு இருக்காரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணப் பெண் இருக்கிற வீடு. எதை எப்போது பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெகதீசனின் அக்காள் சியாமளா களத்தூரிலிருந்து வந்தாள். ஜெகதீசனைத் தோளில் தூக்கி வளர்த்தவள். அவர் பயப்படுகிற ஒரே ஜீவன். ஜெகதீசன் பேங்குக்குப் போயிருந்தார். சியாமளா கூடத்தில் நுழைந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாடி இது, நட்ட நடுவுல ரெண்டு பொணப்பெட்டி மாதிரி?"

"உங்க தம்பி வாங்கின ரேடியோ பெட்டி அண்ணி."

"புதுசா?"

"புதுசுதான்."

"நல்ல காரியம் வெச்சிகினு, புதுச் சாமான இப்படி மொட்டையாவா நிக்க வுடுவ? ஒரு பொட்டு கெடையாது, பூ கெடையாது. சந்தனத்த கொண்டா."

வசந்தா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். சியாமளா பெட்டியின் முகத்துத் துணியைக் கழற்றினாள். உள்ளே கறுப்பாக வட்டக் காகிதம், அதன் நடுவில் அப்பளக் கொப்புளம் மாதிரி பொங்கி நிற்கிற ஒரு மூடி. அதை விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஜெயந்த் நூறு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வசந்தாவுக்கு அது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள். பீரோ சந்தில் மாலையின் நுனி தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சியாமளா காகிதத்தின் மேல் மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் இழுத்தாள். பிறகு கட்டைவிரலைக் குங்குமத்தில் தோய்த்து, அம்மனுக்கு வைக்கிற மாதிரி அழுத்தி நடுவில் வைத்தாள். பொதுக்கென்று கொப்புளம் உள்ளே போனது.

"அய்ய, உள்ள போய்டுச்சேடி!"

"போனா போவுது அண்ணி. அதுக்கும் வெச்சிடுங்க, ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம வுடக் கூடாது."

இரண்டாவதும் பொதுக்கென்றது. வசந்தா துணியை எடுத்து இரண்டு பெட்டிக்கும் பழையபடி மாட்டினாள். சியாமளா சாயங்கால ரயிலில் திருப்தியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஜெகதீசன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வயலின் கேட்டார். "ஆஹா" என்றார். வசந்தா அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி அந்த ஆஹாவைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயந்த் சரிபார்க்க வந்தான். கேட்டான். நெற்றியைச் சுருக்கினான். காப்பியோடு வந்த வசந்தா அடுப்படி வாசலிலேயே நின்றாள். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"அங்கிள், ஓப்பன் ஆயிடுச்சு! கதவு தொறந்த மாதிரி இருக்கு. உங்க வீட்டுக் காத்துக்கு இது செட்டில் ஆகிட்டு வருது."

"நானும் அதேதான் நெனச்சேன்" என்றார் ஜெகதீசன்.

ஜெயந்த் மூக்கை உறிஞ்சினான். "ஒரு வாசனை வருது பாருங்க. பழைய மரம். சவுண்ட் போகப் போக மரம் மூச்சு விடும்."

"அது சந்தன வாசனை மாதிரி கீது" என்றாள் வசந்தா, காப்பியை நீட்டிக்கொண்டே.

"கரெக்ட் ஆன்ட்டி! உட்டி நோட்! மர வாசனைக்கு அதான் பேரு!"

அவள் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

சிரிப்பு இரண்டு நாள்தான் நிலைத்தது. செவ்வாய்க்கிழமை அப்பாசாமி வந்தான், பந்தல் எங்கே, பெட்டி எங்கே அடுக்குவது என்று பார்க்க. ஜெகதீசன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே பேசினார்.

"உன் செட்டு தேவையில்ல மச்சான். இந்த ஹால்ல இனிமே இதுதான் பாடும்."

"மாமா, மொறைன்னு ஒண்ணு கீது. நான் மைக்ல பேசணும்."

"இதுல மைக் எல்லாம் சொருவக் கூடாது. இது பேசறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு."

"பேசக் கூடாத ஸ்பீக்கரா?" அப்பாசாமி அக்காளைப் பார்த்தான். "இன்னாக்கா, மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"உன் டப்பாவ இஸ்துகினு வந்து மரியாதைப்பட்டவங்க முன்னால என் மானத்த வாங்காதேன்னு சொல்றேன்" என்றார் ஜெகதீசன்.

அப்பாசாமிக்குக் கோபம் வந்தால் முதலில் சுவரைப் பார்ப்பான்; சின்ன வயசுப் பழக்கம், அப்பா படம் இருக்கிற பக்கம் திரும்புவது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "அப்பா எங்கக்கா?" என்றான். அவனே தேடினான். பீரோ சந்திலிருந்து படத்தை உருவி, முந்தானை மாதிரி தோளில் கிடந்த துண்டால் துடைத்து, மறுபடி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பெரிய மீசை. கண்ணில் தண்ணீர்.

"இவரு போட்ட செட்லதான்யா உனக்கு கல்யாணம் ஆச்சு. இவர செவுத்த பாத்து நிக்க வெச்ச வூட்ல நான் தாம்பாளம் வாங்க மாட்டேன். வேற மாமன பாத்துக்கோ."

படத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்குப் பிறகு வசந்தா போன் செய்தால் எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி எடுத்து, "அண்ணி, அவரு வர மாட்டேன்னு ஒரே புடியா கீறாரு" என்றாள். துர்கா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து ஜெகதீசன் சொன்ன ஆறுதல் இது: "அவன் வரலன்னா ஜெயந்த்த மாமன் ஸ்தானத்துல உக்கார வெச்சிடலாம்."

வசந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒருத்தனுக்கு ஊரே கேட்க வேண்டும். இன்னொருத்தருக்குத் தன்னைத் தவிர எவருக்கும் கேட்கக் கூடாது. இந்த இரண்டு காதுகளுக்கு நடுவில் தன் மகளின் தட்டு நிற்கிறது. இதற்குமேல் பொறுக்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, நாஸ்தா முடித்து, ஜெகதீசன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியதும், அவள் பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில், நடக்கக் கூடாத இடத்தில், நடந்து வந்தாள்.

"தள்ளு, மறைக்கிற."

"இருட்டு கேக்குதா?"

"நல்லா கேக்குது. நேத்தவிட நல்லா கேக்குது. தள்ளு."

அவள் துணியைக் கழற்றினாள். முதல் பெட்டி. பிறகு இரண்டாவது.

வயலின் பாடிக்கொண்டே இருந்தது. காய்ந்து வெடித்த சந்தனப் பட்டை அதற்கேற்ப நடுங்கி, பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. நடுவில் குங்குமக் குழி, இரண்டு அம்மன் கண் மாதிரி அவரையே பார்த்தது.

ஜெகதீசன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாரு... எப்ப?"

"போன வெள்ளிக்கெழம. உங்க அக்கா."

"வெள்ளிக்கெழமையா?" அவர் மனசுக்குள் நாட்களைப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. "அப்ப ஞாயித்துக்கெழம..."

"ஆமா. அன்னிக்குத்தான் கதவு தொறந்துகிச்சி. மரம் மூச்சு வுட்டுச்சி."

"ஜெயந்த்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மூச்சு வுடுதுன்னு சொல்லுவானா?"

அவர் பாட்டை நிறுத்தினார். கூடத்தில் உண்மையாகவே நிசப்தம் வந்தது, பெட்டி வாங்கிய பிறகு முதல் தடவையாக. "வசந்தா, இத வெளிய..."

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? ஆனா செங்கல்பட்டு ஜனம் வருது, புள்ளகுட்டி வருது. எவளாவது இந்தத் துணிய தூக்கிப் பாத்தா உங்க அக்கா கை ராசியும் உங்க காது ராசியும் ஒண்ணா வெளிய வரும். இல்ல, நானே நல்ல நேரத்துல ஜெயந்த்த கூப்ட்டு பொட்டுக்கு வயலின் வாசிக்கச் சொல்லட்டுமா?"

"இன்னா வேணும் உனக்கு?"

"மொதல்ல எங்க அப்பா படத்த மாட்டுங்க. அதே ஆணியில. அப்பால அப்பாசாமிக்கு போன் போடுங்க. நீங்க போடணும். நான் கேக்கணும்."

படத்தை மாட்ட ஸ்டூல் மேல் ஏறினார். அவளே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போன் போட்டார். அக்காள் எண்ணை எடுக்காதவன் மாமா எண்ணை முதல் மணியிலேயே எடுத்தான். இத்தனை நாளும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான் என்பது வசந்தாவுக்குப் புரிந்தது.

"மச்சான்... செட்ட எடுத்துகினு வந்துடு."

"இன்னா செட்டு மாமா? டப்பான்னியே?"

"அதான்... அதையே எடுத்துகினு வா."

"எங்க அப்பா எங்க கீறாரு?"

"செவுத்துல."

"எந்தப் பக்கம் பாத்துகினு?"

"நம்ம பக்கம்தான்யா! வா!"

"இரு இரு. அக்கா பக்கத்துல கீதா? ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு தரம் சொல்லு மாமா."

ஜெகதீசன் போனை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு தரம் சொன்னார். வசந்தா கேட்டாள். துர்காவும் அறைக் கதவோரம் வந்து நின்று கேட்டாள்.

நிச்சயத்தன்று அப்பாசாமி சொன்னபடி வந்தான். சொன்னதற்கு இரண்டு மடங்கு பெட்டியோடு வந்தான். தெருவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள் தானாகக் கத்தின. மைக்கைப் பிடித்தவன் செங்கல்பட்டுப் பக்கத்து உறவு, களத்தூர்ப் பக்கத்து உறவு என்று ஒவ்வொருவரையும் பாட்டன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அது வரைக்கும் நன்றாகவே இருந்தது. பிறகு, சவுண்ட் சர்வீஸ் தேவைப்படுவோர் அணுகலாம் என்று தன் போன் எண்ணையும் இரண்டு தரம் சொன்னான். வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயந்தும் வந்திருந்தான். பந்தல் காலோரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்ற அவனைப் பார்த்ததும், மணவறையில் பார்த்த அதே கோலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. சாப்பிடாமலே போய்விட்டான். ஒரு இலை மிச்சம்.

கூடத்துக்குத் தட்டு வந்தது. அப்பாசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பா படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினான். "வாங்கியாச்சு!" என்று அதையும் மைக்கில் சொன்னான். துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். வசந்தாவுக்கு அதற்குமேல் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை, அத்தனை சத்தத்திலும்.

நிசப்தம் இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. ஆனால் சுவரை ஒட்டி. ஜெகதீசன் அதன் துணியைக் கழற்றுவதில்லை. வேறு யாரையும் கழற்ற விடுவதுமில்லை. சரிசெய்யச் சொல்லி ஜெயந்தைக் கூப்பிட்டால், கொப்புளம் எப்போது உள்ளே போனது என்று கேட்பான். அதனால் கூப்பிடவில்லை. தெருவிலிருந்து யாராவது வந்தால் பழையபடி நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இருட்டைப் பற்றிப் பேசுகிறார். வந்தவர்களும் கேட்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போகிறார்கள். வசந்தா துடைப்பத்தோடு குறுக்கே நடந்தால் மட்டும் பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.

பாட்டில் கனத்த ஒலி வரும்போதெல்லாம் மேலே எத்திராஜ் படத்தின் கண்ணாடி ர்ர்ர் என்று கூடவே அதிரும். ஜெகதீசன் உடனே கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்ப்பார். அது ஒன்றுதான் அவருக்கு உண்மையாகக் காதில் விழுகிறது என்பாள் வசந்தா.